நாத்தனார் கணக்கில் போய் விழுந்த வரி

பஸ்ஸில் போனாலும் சரி, தெரிந்தவர் காரில் போனாலும் சரி, பிரேக் அக்காவின் வலது கால் சும்மா கிடக்காது. முன்னால் ஒரு பூனை குறுக்கே போனால் போதும், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். பக்கத்துச் சீட்டுக்காரர் பதறிப்போவார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "ம், போலாம்" என்று டிரைவருக்கு அனுமதி கொடுப்பார். டிரைவர் அனுமதியே கேட்டிருக்க மாட்டார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு வருகிற வியாதி இது. பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். அந்தக் கூடுதல் பிரேக்கின் மேல் அக்காவுக்கு அலாதி நம்பிக்கை. உலகத்தில் பாதிப் பேருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றைப் பொருத்தி, அதன் மேல் தன் காலை வைத்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்பது அவர் கொள்கை. வீட்டிலும் அதே ஆட்சிதான். வீட்டுக்காரர் காப்பியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போடப் போனால் மேஜைக்கு அடியில் 'டொப்' என்று ஒரு மிதி கேட்கும். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

அந்த வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அக்கா அப்போது ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். லைசென்ஸுக்காகக் கண் பரிசோதனைக்குப் போனபோது, சுவரில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை மடமடவென்று வாசித்துவிட்டு, "அதுக்குக் கீழ சின்னதா அச்சாபீஸ் பேர் போட்டிருக்கு, அதையும் படிக்கவா? உங்க சட்டைப் பொத்தான் மாறிப் போயிருக்கு, அதுவும் தெரியுது" என்றாராம். இந்தக் கண்ணுக்குக் கண்ணாடி விற்க முடியாது என்று தெரிந்ததும், வேறு வழியில்லாமல் கல்யாணம் செய்துகொண்டேன் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு வேனை விட்டுவிட்டு, ஒரு பழைய காரை வாங்கி அக்கா ஓட்டுநர் பள்ளி தொடங்கினார். முதல் மாணவி வீட்டுக்காரரின் தங்கை. கற்றுக்கொள்ள வந்த நாத்தனார், கற்றுக்கொடுக்கவே தங்கிவிட்டார்.

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து ஒரு தொழில் நடத்துகிறார்கள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? எப்போது முட்டிக்கொள்ளும் என்று எதிர்க்கடை தையல்காரர் முதல் மாடி வீட்டு நர்ஸ் வரை காத்திருந்தார்கள். ஏமாந்துபோனார்கள். இரண்டு பேரும் அப்படி ஒட்டிக்கொண்டார்கள். அக்கா காரசாரம். நாத்தனாரோ சக்கரம் நடைபாதை மேல் ஏறி நின்றால்கூட, "பரவாயில்ல, ஏறினது அழகா இருந்தது, இறங்கறத மட்டும் பாத்துக்கலாம்" என்கிற ரகம். அக்காவிடம் அழுதவர்களை நாத்தனாரிடம் அனுப்புவார்கள். நாத்தனாரிடம் தலைக்கனம் ஏறியவர்களை அக்காவிடம் அனுப்புவார்கள். பள்ளி ஓகோவென்று ஓடியது.

ஓடியதால் வந்தது ஒரு வினை. சம்பளக்காரர்களுக்கு மாதாமாதம் வரியைப் பிடித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள், இந்த வருஷம் இவ்வளவு வரும் என்று தாங்களே குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு, காலாண்டுக்கு ஒருதரம் அட்வான்ஸ் வரி கட்ட வேண்டும். இன்னும் வராத பணத்துக்கு இப்போதே வரி கட்டுவதா என்று இரண்டு பேருக்கும் வயிற்றெரிச்சல். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, ஒவ்வொரு தடவையும் அபராதத்தோடு அழுதார்கள்.

கடைசியில் நாத்தனார்தான் ஒரு வழி சொன்னார். "அண்ணி, என் வரிய நீங்க கட்டுங்க, உங்க வரிய நான் கட்டறேன். வருஷக் கடைசியில கழிச்சுக்கலாம்."

"அதுல என்ன லாபம்?"

"உங்க வரிய நான் கட்டாம விட்டா நீங்க என்னை சும்மா விடுவீங்களா? என் வரிய நீங்க கட்டாம விட்டா, நாத்தனார் பணத்த அமுக்கிட்டாங்கன்னு ஊர் உங்கள சும்மா விடுமா?"

தன் பல்லைத் தானே பிடுங்கத்தான் கை நடுங்கும். அடுத்தவர் பல்லென்றால் நடுங்காது. அன்றிலிருந்து ஒரு காலாண்டு தவறியதில்லை. அக்காவின் வங்கிச் செயலியில் வரி என்று தட்டினால் ஒரே ஒரு பெயர்தான் வந்து நிற்கும், நாத்தனாருடையது. தன் சொந்த வரி எண்ணை அக்கா அதில் ஒருநாளும் பதித்ததே இல்லை. தேவைப்படவில்லை.

பிறகு அந்தச் சண்டை வந்தது. சொத்துத் தகராறா, நகைத் தகராறா என்றால் அதெல்லாம் இல்லை. கியர்.

நாத்தனார் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கலாம் என்றார். கியர் மாற்ற வேண்டாம், கிளட்ச் மிதிக்க வேண்டாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார். அக்கா மட்டும், "அது காரா? சக்கரம் வச்ச சோபா" என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். நாத்தனாராவது, "உங்ககிட்ட கத்துக்கறவங்க காரையா கத்துக்கறாங்க? பயத்தைத்தானே கத்துக்கறாங்க" என்று பதில் கொடுக்காமல் இருந்திருக்கலாம். இரண்டு பேருமே வாயை அடக்கவில்லை. வாரம் முடிவதற்குள் நாத்தனார் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு, அதே தெருவின் கடைசியில் 'ஆட்டோமேட்டிக் மட்டும்' என்று பலகை மாட்டிவிட்டார். தையல்காரருக்கும் நர்ஸுக்கும் காத்திருந்தது வீண்போகவில்லை.

அதன்பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. தெருவில் இரண்டு பயிற்சிக் கார்களும் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் ஹாரன் அடிப்பார்கள். அடிக்க ஒரு காரணமும் இருக்காது. நடுவில் ஓட்டிக்கொண்டிருக்கும் மாணவர்கள்தான் நடுங்குவார்கள்.

பிரிந்த பிறகு வந்த முதல் வரிக் காலாண்டில் அக்கா ஒரு சபதம் எடுத்தார். "எனக்கு ஞாபகப்படுத்த யாரும் தேவையில்ல. கெடு வர்றதுக்கு முன்னாடியே கட்டிக் காட்டறேன்." சொன்னபடியே முதல் ஆளாகக் கட்டினார். வங்கிச் செயலியைத் திறந்தார், வரி என்று தட்டினார், வந்து நின்ற பெயரைத் தட்டினார், தொகையைப் போட்டார், அனுப்பினார். எல்லாம் கியர் மாற்றுகிற வேகம், பார்க்காமலே போகிற கை. அப்புறம் தையல்காரரிடம் போய், "நான் கட்டிட்டேன். சில பேர் இன்னும் கட்டியிருக்க மாட்டாங்க" என்று தெருக்கோடியைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார்.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் யானை சறுக்கிவிட்டுத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு அலையாது.

சங்கதி வெளியே வந்தது, பள்ளியின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோதுதான். வரி பாக்கி இல்லை என்ற சான்று இல்லாமல் உரிமம் கிடையாது. இந்த மாதக் கடைசிக்குள் புதுப்பிக்காவிட்டால் பலகையை இறக்க வேண்டும். பலகை இறங்கினால் மாணவர்கள் எங்கே போவார்கள்? தெருக்கோடிக்குத்தான். அந்தப் பள்ளி அவருக்குப் பிழைப்பு மட்டும் இல்லை, வேன் ஓட்டிய கையால் கட்டிய வீடு மாதிரி.

வரி ஆபீஸின் கீழ்த்தளத்தில் ஜன்னல்களை வட்டமாக வைத்திருந்தார்கள். முதல் ஜன்னலில், "உங்க கணக்குல இந்தக் காலாண்டுக்கு ஒண்ணுமே வரலையே" என்றார்கள். வங்கி ரசீதைக் காட்டியதும், "அடுத்த ஜன்னல்" என்றார்கள். அடுத்த ஜன்னல் அதற்கடுத்த ஜன்னலைக் காட்டியது. இப்படியே சுற்றிச் சுற்றி அக்கா புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தார். அங்கே உட்கார்ந்திருந்த குமாஸ்தா தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, வெளிய வர வழி தெரியலையா?"

அக்காவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஒருகாலத்தில் அவரிடம் கற்றுக்கொண்ட பிள்ளை. ரவுண்டானாவுக்குள் நுழைந்தால் வெளியே வரத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருப்பான். அக்கா போட்ட கூச்சலில் போக்குவரத்துப் போலீஸே ஓடி வந்திருக்கிறார். ரவுண்டானா என்று அக்கா வைத்த பெயர் அவனுடைய நண்பர்கள் வரை போய், கல்யாணப் பத்திரிகையில்கூட யாரோ பேனாவால் எழுதிவிட்டார்களாம்.

"ரவுண்டானா! நீயா? நல்லா இருக்கியாப்பா?" என்றார் அக்கா, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"நல்லா இருக்கேன்க்கா. ரசீதக் குடுங்க." வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பணம் வந்திருக்கு. ஆனா உங்களுக்கு வரல. வேற ஒருத்தங்க கணக்குல போய் உக்காந்திருக்கு." பெயரைச் சொன்னார்.

அக்காவின் வலது கால் ஜன்னலுக்குக் கீழே இருந்த பலகையை ஓங்கி மிதித்தது.

"இப்ப மிதிச்சு என்னக்கா பண்றது?" என்றார் ரவுண்டானா, அப்படி ஒரு கனிவோடு. "கண்ணாடி பாக்காம திரும்பிட்டீங்க. பாத்து, யோசிச்சு, அப்புறம்தான் திரும்பணும்னு எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க!"

அந்தக் கனிவுக்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று அக்காவுக்கு இருந்தது. "சரிப்பா, மாத்திக்குடு."

"மாத்தலாம். ஆனா நான் நினைச்சா ஆகாது. யாரு கணக்குல பணம் இருக்கோ அவங்க சம்மதிக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து இங்க வந்து, என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போடணும். மாசக் கடைசிக்குள்ள வந்துருங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பணம் போனதுகூட அக்காவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வாசலில் போய் நிற்பதா? சோபா என்று சொன்ன வாயால் 'ஒரு கையெழுத்துப் போடம்மா' என்று கேட்பதா?

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரைத் தூது அனுப்பினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளம் இடி வாங்குவதற்காகக் கண்ணாடிக் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டுப் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது.

"என்னங்க சொன்னா உங்க தங்கச்சி?"

"கையெழுத்து என்ன, கால் எழுத்துகூடப் போடறேன், ஆனா அண்ணியே வந்து கேக்கட்டும்ங்கிறா."

"நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"நீ சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். பணம் தப்பா உன் கணக்குக்கு வந்துடுச்சு, வந்து திருப்பிக் குடுன்னு. அதுக்கு அவ முகமே செத்துப்போச்சு. ஏன்னு எனக்குத் தெரியல."

"பணத்தைத் திருப்பிக் குடுக்கணும்னா யாருக்குத்தான் முகம் மலரும்?" என்றார் அக்கா. மேஜைக்கு அடியில் மிதி கேட்டது. வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டார்.

படுத்துப் புரண்டு யோசித்ததில் அக்காவுக்கு ஒரு வழி கிடைத்தது. வாசலில் போய் நின்றால்தானே கெஞ்சுவது? காசு கொடுத்துப் பாடத்துக்குப் போனால்? அப்போது அவர் வாடிக்கையாளர். ஒரு மணி நேரம் பூட்டிய காருக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். நாத்தனாரும் ஓட முடியாது. வீட்டுக்காரரின் போனிலிருந்து ஒரு பாடத்துக்குப் பதிவு செய்தார். மாணவரைப் பற்றிய குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. 'புதிய மாணவர். மிகவும் பயந்த சுபாவம்' என்று எழுதினார்.

மறுநாள் பிற்பகல் சந்தையின் பின்புறம் நாத்தனாரின் வெள்ளைக் கார் வந்து நின்றது. மரத்தடியில் கைப்பையை அணைத்தபடி நின்றிருந்தவரைப் பார்த்ததும் நாத்தனார் கண்ணாடியை இறக்கினார்.

"நீங்களா அந்தப் பயந்த சுபாவம்?"

"காசு கட்டியிருக்கேன். பாடம் உண்டா இல்லையா?"

நாத்தனார் இன்ஜினை நிறுத்தினார். அப்புறம் இறங்கி வந்து, ஓட்டுபவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, ஆசிரியர் சீட்டில் போய் உட்கார்ந்தார். "உக்காருங்க. சீட்ட முன்னால இழுத்துக்குங்க. பெல்ட்டு."

"எனக்கே பெல்ட்டா?"

"புது மாணவர்னுதானே போட்டிருந்துது?"

கார் கிளம்பியது. கிளம்பிய இருபதடியில் அக்காவின் இடது கால், ஆயுசு முழுக்கக் கிளட்ச் மிதித்த கால், பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடிப் போனது. அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக் இருந்தது. ஓங்கி மிதித்தார். கார் குத்துக்கல்லாக நின்றது. இரண்டு பேரும் முன்னால் போய், பெல்ட் இழுத்துப் பின்னால் வந்தார்கள். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

"இடது காலுக்கு இன்னைக்கு லீவு குடுத்துடுங்க அண்ணி," என்றார் நாத்தனார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கறதுன்னா சிரிச்சுடு. அடக்கினா வயித்துக்கு ஆகாது."

நாத்தனார் சிரிக்கவில்லை. அண்ணி என்ற வார்த்தை வாயிலிருந்து தவறி விழுந்துவிட்டதே என்ற கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வார்த்தையைக் காதால் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அக்கா கணக்குப் போட்டார். காரை ஓட்டினார். இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, ஒரு காலால் ஓட்டுவது என்ன கௌரவக் குறைச்சல் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே, ஆனால் இந்தச் சனியன் சும்மா சொல்லக்கூடாது, வழுக்கிக்கொண்டுதான் போகிறது என்றும் நினைத்துக்கொண்டே ஓட்டினார்.

சிக்னலில் நின்றபோது நாத்தனார் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பணம் தெரிஞ்சு கட்டினீங்களா, தெரியாமலா?"

அக்கா சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சு யாராவது கட்டுவாங்களா? தப்பாத்தான் போச்சு."

"ம்."

"என்ன ம்?"

"பணம் வந்ததா போன்ல தகவல் வந்துது. உங்க பேர் பாத்தேன். நானா ஒண்ணு நினைச்சுக்கிட்டேன்." நாத்தனார் கைப்பிடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "என்ன சண்டை போட்டாலும் அண்ணி என் வரிய விடலையேன்னு. கடை வாசல்லயே உக்காந்து அழுதேன். நானும் உங்களுக்குக் கட்டிடலாம்னு போனை எடுத்தேன். அப்புறம், முதல்ல அவங்களே வரட்டும், வந்ததும் கட்டலாம்னு நிறுத்திட்டேன். நீங்க வரல. அண்ணன்தான் வந்தான். தப்பா வந்துடுச்சு, திருப்பிக் குடுங்கிறான்."

விளக்கு பச்சையாகி, பின்னால் ஹாரன் கேட்கும் வரை கார் நகரவில்லை. தெருவுக்கே கேட்கும்படி கத்துகிற தொண்டை அக்காவுடையது. அன்றைக்குப் பார்த்து, சொல்ல வேண்டியது ஒன்று இருக்கும்போது, அடைத்துக்கொண்டது. பழக்கத்தில் போனது என்று சொல்லியிருக்கலாம். நீ இல்லாமல் பாடம் எடுக்க எரிச்சலாக வருகிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னதெல்லாம் இதுதான்: "வரி ஆபீஸ் இந்தப் பக்கமா திரும்பணும்."

"தெரியும்," என்றார் நாத்தனார். "கையெழுத்துப் போடறேன். உங்க பள்ளிக்கூடத்த மூட வச்சு என் கடைக்கு ஆள் சேக்கற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல."

ரவுண்டானா அவர்கள் இருவரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். அவரும் ஒருகாலத்தில் அக்காவிடம் அழுது நாத்தனாரிடம் தேறியவர்தான். "வாங்க, வாங்க. வேலை முடியப் போற நேரம், சட்டுனு முடிச்சுடலாம்" என்று ஒரு தாளை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். "உறுதிமொழி. ரெண்டு பேரும் படிச்சுட்டு அடியில போடுங்க."

நாத்தனார் படிக்கவே இல்லை. விறுவிறுவென்று கையெழுத்தைப் போட்டுப் பேனாவை அண்ணியிடம் நீட்டிவிட்டுத் தள்ளி நின்றார். அக்கா படித்தார். அச்சாபீஸ் பெயரையும் விடாமல் படிக்கிற கண் அல்லவா. நடுவில் ஒரு வரியில் கண் நின்றது.

"தம்பி, இது என்ன? 'மேற்கண்ட நபருக்காக வரி செலுத்தும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை'ன்னு போட்டிருக்கு."

"ஆமாக்கா. தவறுதலா போனதுதானே?"

"தவறுதலாத்தான் போச்சு. ஆனா ஒருபோதும்னு எப்படிப் போடுவ? இத்தனை வருஷம் இவளுக்கு நான்தானே கட்டினேன்? நினைச்சுத்தானே கட்டினேன்? அந்த வரிய அடிச்சுக்குடு."

"அடிக்க முடியாதுக்கா. அச்சடிச்ச வாசகம். எல்லாருக்கும் இதேதான்."

"எல்லாரும் பொய்யில கையெழுத்துப் போட்டா நானும் போடணுமா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "வெறும் கையெழுத்துதாங்க, போட்டுட்டு நகருங்க" என்றார் ஒருவர். அக்கா அவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் தன் காகிதங்களைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, நல்லா கேட்டுக்குங்க," ரவுண்டானா குரலைத் தாழ்த்தினார். "இதுல கையெழுத்து இல்லாம பணம் நகராது. பணம் நகரலன்னா சான்று இல்ல. நாளைக்கு நான் லீவு, அதோட மாசம் முடியுது."

"முடியட்டும்."

நாத்தனார் சட்டென்று முன்னால் வந்தார். "அண்ணி, என்ன பண்றீங்க? போடுங்க."

"போட மாட்டேன்."

"பள்ளிக்கூடம் போயிடும்!"

"போனா மறுபடியும் வேன் ஓட்டறேன். நீ யாரோ எவரோ, உனக்குக் கட்டணும்னு எனக்கு நினைப்பே இருந்ததில்லன்னு எழுதிக் குடுத்துட்டு அந்தப் பலகைக்குக் கீழ நான் உக்காரணுமா? கை பழக்கத்துல போச்சுடி. என் கைக்கு நம்ம சண்டை தெரியாது. அந்தச் செயலியில என் பேரே கிடையாது, உன் பேர்தான் இருக்கு. போன மாசம் வரைக்கும் மட்டும் இல்ல, இப்பவும் அதான் இருக்கு. நான் எடுக்கல." அக்காவின் குரல் வழக்கப்படி ஏறி, ஜன்னல் வட்டம் முழுக்கக் கேட்டது. "இதைக் கார்லயே சொல்லியிருக்கணும். சொல்ல வரல."

நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. காரில் அவ்வளவு கேட்டும் வராதது, இப்போது இத்தனை பேர் முன்னால், சண்டைக்கு வருகிற தொனியில் வந்திருந்தது. அண்ணிக்கு வேறு தொனி தெரியாது என்பது நாத்தனாருக்குத் தெரியாதா என்ன?

"சரி, கேட்டுடுச்சு," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்கும் கேட்டுடுச்சு, இவங்க எல்லாருக்கும் கேட்டுடுச்சு. இப்பப் போடுங்க."

"அந்த வரி இருக்கற வரைக்கும் போட மாட்டேன்."

நாத்தனார் தாளைத் தன் பக்கம் இழுத்தார். அந்த வரி எதுவென்று விரலால் தேடினார். கண்டுபிடித்ததும் அதன் மேல் தன் உள்ளங்கையை விரித்து அழுத்தி வைத்தார்.

"இப்ப இல்ல. போடுங்க."

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். ஒரு காலத்தில் தன் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாமல் வியர்த்த கை. விரலுக்கு மேலேயும் கீழேயும் எழுத்து தெரிந்தது, அந்த ஒரு வரி மட்டும் தெரியவில்லை. பேனாவை வாங்கி, அழுத்தமாக, தாளே கிழிந்துவிடுகிற மாதிரி கையெழுத்துப் போட்டார்.

"கைய எடுங்கக்கா, முத்திரை குத்தணும்," என்றார் ரவுண்டானா.

"ஓரமா இடமிருக்கு, அங்க குத்து," என்றார் நாத்தனார். தாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை அவர் கையை எடுக்கவில்லை.